இன்ஸ்டன்ஸ் மாறியின் வரையெல்லைப் பிழைகள்: பெயர் விதியா, லின்டரா, ஃபைனலா, ரெக்கார்டா?

ஒரு கிளாஸின் இன்ஸ்டன்ஸ் மாறியை, அதாவது அந்தக் கிளாஸிலிருந்து உருவாகும் ஒவ்வோர் ஆப்ஜெக்டும் தனக்கென்று வைத்துக்கொள்ளும் மாறியை, தவறான இடத்தில் அறிவித்தாலும் சரி, சரியான இடத்தில் அறிவித்துவிட்டு அதே பெயருள்ள வேறொரு மாறிக்கு மதிப்பைக் கொடுத்தாலும் சரி, பெரும்பாலான மொழிகளில் நிரல் அந்த இடத்திலேயே நின்றுவிடுவதில்லை. அது தொடர்ந்து ஓடித் தவறான விடையைத் தருகிறது. விடை தவறென்று யாராவது கண்டுபிடிக்கும்போது, பிழை எழுதப்பட்ட வரி வேறு ஏதோ ஒரு கோப்பில், யாரும் சந்தேகிக்காத ஒரு கன்ஸ்ட்ரக்டருக்குள் (ஆப்ஜெக்டை உருவாக்கும்போது ஓடும் பகுதி) கிடக்கும்.

இதைத் தடுக்க ஒரு குழுவுக்கு இன்று நான்கு வழிகள் இருக்கின்றன. மாறிகளின் பெயரிலேயே அடையாளம் வைக்கும் விதி ஒன்றை ஏற்றுக்கொள்ளலாம். நிரலை ஓட்டாமலே படித்துப் பிழைகளைச் சுட்டும் லின்டரையும் கம்பைலர் எச்சரிக்கைகளையும் இறுக்கமாக அமைக்கலாம். ஜாவாவின் ஃபைனல், பைத்தானின் ஸ்லாட்ஸ் போன்றவற்றைக் கொண்டு மாறிகளைப் பூட்டலாம். அல்லது அறிவிப்பையும் மதிப்பளிப்பையும் மனிதர் கையால் எழுதாமல், ரெக்கார்டு, டேட்டாகிளாஸ் ஆகியவற்றைக் கொண்டு மொழியிடமே விட்டுவிடலாம். ஜாவாவும் பைத்தானும் சேர்ந்து புழங்கும் குழுவை மனத்தில் வைத்து இவற்றை ஒப்பிடுகிறேன். எந்த வழி, மாறிக்குத் தானாக வந்து சேரும் இயல்பு மதிப்பை அகற்றுகிறது என்பதே என் அளவுகோல். ஏன் அதை அளவுகோலாகக் கொண்டேன் என்பது, பிழைகள் எப்படி மறைகின்றன என்று பார்த்தால் விளங்கும்.

பிழை மறையும் விதம்

நூலக உறுப்பினரைக் குறிக்கும் ஒரு ஜாவா கிளாஸை எடுத்துக்கொள்வோம். அதில் 'பெயர்', 'வைப்புத்தொகை' என்று இரண்டு இன்ஸ்டன்ஸ் மாறிகள் உள்ளன. கன்ஸ்ட்ரக்டரும் அதே பெயர்களில் இரண்டு பாராமீட்டர்களைப் பெறுகிறது. உள்ளே 'திஸ்.பெயர் = பெயர்' என்று ('திஸ்' என்பது நடப்பு ஆப்ஜெக்ட்) எழுதுவதற்குப் பதிலாக ஒருவர் 'பெயர் = பெயர்' என்று எழுதிவிட்டால், சமக்குறியின் இரு பக்கமும் பாராமீட்டரையே குறிக்கும். பாராமீட்டர் தன் மதிப்பைத் தனக்கே கொடுத்துக்கொள்கிறது. ஆப்ஜெக்டின் மாறி தொடப்படாமல், எதையும் குறிக்காத 'நல்' ஆகவே இருந்துவிடுகிறது. ஜாவா கம்பைலர் இதற்கு ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. பெயரின் நீளத்தை யாரோ எங்கோ கேட்கும்போது நல்பாயின்டர் எக்செப்ஷன் என்ற பிழை வரும் என்பதாவது ஒரு ஆறுதல். 'வைப்புத்தொகை' முழு எண் வகையாக இருப்பதால் அதற்கு அந்த ஆறுதலும் இல்லை; எல்லா உறுப்பினரின் வைப்புத்தொகையும் பூஜ்யம் என்று கணக்கு அமைதியாக முடிந்துவிடும்.

இதே பிழைக்கு இன்னொரு வடிவமும் உண்டு. வைப்புத்தொகையைப் பாராமீட்டராகப் பெறாத ஒரு கன்ஸ்ட்ரக்டருக்குள் 'வைப்புத்தொகை = 500' என்று எழுத வேண்டிய இடத்தில், பழக்கத்தினாலோ வேறிடத்திலிருந்து நகலெடுத்ததாலோ, முன்னால் வகைச்சொல்லையும் சேர்த்து 'இன்ட் வைப்புத்தொகை = 500' என்று எழுதினால், அங்கே ஒரு புதிய உள்ளூர் மாறி பிறக்கிறது. கன்ஸ்ட்ரக்டர் முடிந்ததும் அந்த மாறியும் 500-உம் மறைந்துபோகும். உள்ளூர் மாறியை மதிப்பளிக்காமல் படிக்க முயன்றால் கம்பைலையே மறுக்கும் அளவுக்குக் கண்டிப்பான ஜாவா, இன்ஸ்டன்ஸ் மாறி விஷயத்தில் மட்டும் எண்ணுக்குப் பூஜ்யம், பூலியனுக்கு ஃபால்ஸ், ஆப்ஜெக்டுக்கு நல் என்று கேட்காமலே இயல்பு மதிப்பைக் கொடுத்துவிடுகிறது. பிழையைக் காப்பாற்றுவது அந்தத் தாராள மனந்தான்.

பைத்தானில் நிலைமை தலைகீழ். அங்கே தனி அறிவிப்பு என்பதே இல்லை. மதிப்பளிப்பதுதான் மாறியை உருவாக்குகிறது. ஆகவே கன்ஸ்ட்ரக்டர் வேலையைச் செய்யும் இனிட் மெத்தடுக்குள், ஆப்ஜெக்டைக் குறிக்கும் 'செல்ஃப்' என்ற முன்னொட்டு விடுபட்டால் உள்ளூர் மாறிதான் கிடைக்கும். பிறகு வேறொரு மெத்தட் 'செல்ஃப்.வைப்புத்தொகை' என்று கேட்கும்போது அட்ரிபியூட் எரர் வரும். தாமதமானாலும் நேர்மையான பிழை. ஆனால் ஜாவாவிலிருந்து வந்த ஒருவர், மாறிகளை மேலே அறிவிப்பதுதான் ஒழுங்கு என்று கருதி, கிளாஸின் உடம்பிலேயே 'வைப்புத்தொகை = 0' என்று எழுதியிருந்தால் அந்த நேர்மையும் போய்விடும். ஆப்ஜெக்டில் அந்தப் பெயர் இல்லாதபோது பைத்தான் கிளாஸில் தேடும். அங்கே பூஜ்யம் இருக்கும். அதையே எடுத்துக் கொடுத்துவிடும். ஒழுங்குக்காக எழுதப்பட்ட வரியே பிழைக்குத் திரையாகிறது.

கிளாஸின் உடம்பில் எழுதப்படும் மாறி அந்தக் கிளாஸுக்கே சொந்தம். எல்லா ஆப்ஜெக்டுகளும் அதைப் பகிர்கின்றன. இது தெரிந்தவர்களும் ஏமாறுவதற்குக் காரணம், எண்களைப் பொறுத்தவரை அந்தத் தவறு தற்செயலாகச் சரியாக நடந்துகொள்வதுதான். 'செல்ஃப்.வைப்புத்தொகை += 500' என்று எழுதினால் பைத்தான் கிளாஸிலுள்ள பூஜ்யத்தைப் படித்து, 500-ஐக் கூட்டி, விடையை ஆப்ஜெக்டில் புதிதாக எழுதுகிறது. அடுத்த உறுப்பினரின் தொகை பாதிக்கப்படுவதில்லை. இதைக் கண்டு நம்பிக்கை வந்தவர் அதே பாணியில் 'கடன்கள் = []' என்று ஒரு வெறும் லிஸ்டையும் கிளாஸின் உடம்பில் வைப்பார். கண்ணன் ஓர் அகராதியை இரவல் வாங்கியதும் 'செல்ஃப்.கடன்கள்' மீது அப்பெண்ட் அழைக்கப்படுகிறது. அப்பெண்ட் எந்தப் பெயருக்கும் புது மதிப்பளிப்பதில்லை, இருக்கும் லிஸ்டையே மாற்றுகிறது. இருப்பதோ கிளாஸின் ஒரே லிஸ்ட். ஆகவே ஒன்றும் வாங்காத மேரியின் கணக்கிலும் அகராதி ஏறிவிடும்.

அப்பெண்டுக்குப் பதிலாக 'செல்ஃப்.கடன்கள் += [அகராதி]' என்று எழுதினால் நிலைமை இன்னும் குழப்பமானது. அந்த ஒரே வரி, கிளாஸின் லிஸ்டை இருந்த இடத்திலேயே நீட்டுகிறது. பிறகு அதே லிஸ்டுக்கு ஆப்ஜெக்டிலும் ஒரு பெயரைக் கட்டுகிறது. டீபக்கரைத் திறந்து பார்ப்பவருக்குக் கண்ணனின் ஆப்ஜெக்டில் 'கடன்கள்' தனியாக இருப்பதுபோலவே தெரியும். ஒரே ஒரு உறுப்பினரை உருவாக்கிச் சோதிக்கும் யூனிட் டெஸ்ட் இந்தப் பிழையை ஒருபோதும் பிடிக்காது. பல டெஸ்டுகள் ஒரே ஓட்டத்தில் ஓடும்போது, முதல் டெஸ்ட் விட்டுச்சென்ற கடன் இரண்டாவது டெஸ்டில் தலைகாட்டும். ஓடும் வரிசை மாறினால் காணாமலும் போகும். அப்போது பெரும்பாலும் டெஸ்ட்தான் திட்டு வாங்கும், கிளாஸ் தப்பித்துவிடும்.

எதிர்த்திசையிலும் ஒரு பிழை உண்டு: உள்ளூர் மாறியாக இருக்க வேண்டியதை இன்ஸ்டன்ஸ் மாறியாக ஆக்கிவிடுவது. வலைக் கோரிக்கைகளுக்குப் பதில் தரும் ஜாவா சர்வ்லெட்டில் ஒரே ஆப்ஜெக்ட் பல த்ரெட்களில் பல கோரிக்கைகளுக்குப் பதில் சொல்கிறது. ஸ்பிரிங் என்ற ஜாவா சட்டகம் உருவாக்கும் பீன் ஆப்ஜெக்டுகளும் வேறாகச் சொல்லாதவரை சிங்கிள்டன்தான், அதாவது ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்றுதான். 'நடப்பு உறுப்பினர்' என்று ஒரு மாறியை அங்கே வைத்தால், ஒருவருடைய விவரம் இன்னொருவருடைய திரையில் வரக்கூடும். பைத்தானின் வலைச் சட்டகமான ஜாங்கோ இதில் வேறுபட்டது. அதன் கிளாஸ் அடிப்படையிலான வியூக்கள் ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிய ஆப்ஜெக்டை உருவாக்குவதால், அங்கே செல்ஃபில் எழுதுவது அடுத்தவர் கோரிக்கைக்குக் கசிவதில்லை.

பெயர் விதி

நான்கில் மிகப் பழையதும் மிக மலிவானதும் இதுதான். சி பிளஸ் பிளஸ் உலகில் உறுப்பு மாறிகளின் (இன்ஸ்டன்ஸ் மாறிகளின்) பெயருக்கு முன்னால் 'எம்' எழுத்தும் அடிக்கோடும் சேர்ப்பவர்கள் உண்டு. கூகிளின் சி பிளஸ் பிளஸ் நடை வழிகாட்டி கிளாஸின் உறுப்பு மாறிகளுக்குக் கடைசியில் அடிக்கோடு கேட்கிறது. ஜாவாவில் எங்கும் 'திஸ்' போட்டே எழுது என்பது இதற்கு இணையான விதி. விதியைப் பின்பற்றினால் மறைத்தல் பிழை, அதாவது அதே பெயருள்ள வேறொரு மாறி இன்ஸ்டன்ஸ் மாறியை மறைப்பது, நேராது என்பது உண்மைதான். பின்பற்றாதபோது அதைக் கண்டுபிடிப்பது யார் என்பதே கேள்வி. அந்தப் பொறுப்பு, மாலை ஆறு மணிக்கு நாற்பது கோப்புகளைப் புரட்டும் ரிவ்யூவர் தலையில் விழுகிறது.

அடையாளத்தை மொழியே கட்டாயமாக்கினால் நிலைமை மேம்படுகிறது, ஆனால் முழுவதும் தீர்வதில்லை. ரூபியில் இன்ஸ்டன்ஸ் மாறிக்கு முன்னால் '@' குறி இருந்தே ஆக வேண்டும். எனவே உள்ளூர் மாறியோடு குழம்ப வழியில்லை. ஆனால் அதே '@' மாறியை மெத்தடுக்கு வெளியே, கிளாஸின் உடம்பில் எழுதினால், அது கிளாஸ் என்னும் ஆப்ஜெக்டுக்குச் சொந்தமாகிறது. மெத்தடுக்குள் அதே பெயரைப் படித்தால் கிடைப்பது ரூபியின் வெறுமதிப்பான 'நில்'. மதிப்பளிக்காத இன்ஸ்டன்ஸ் மாறியைப் படிப்பதற்கு முன்பு வெர்போஸ் முறையில் வந்துகொண்டிருந்த எச்சரிக்கையும் ரூபி 3.0-இல் எடுக்கப்பட்டுவிட்டது. பைத்தானின் செல்ஃபும் இத்தகைய கட்டாய அடையாளமே; மாடுலா-3 மொழியிலிருந்து எடுத்துக்கொண்ட அந்த எண்ணம் நல்ல எண்ணம்தான் என்றாலும், மேலே பார்த்த லிஸ்ட் பிழையை அது தடுக்கவில்லை.

பெயர் விதி இயல்பு மதிப்பைத் தொடுவதே இல்லை. ஆகவே குழு விதியாக மட்டும் இருக்கும்வரை இதை நான் கடைசி இடத்தில் வைக்கிறேன். ஒரு விதிவிலக்கு: சி பிளஸ் பிளஸில் மதிப்பளிப்பைக் கன்ஸ்ட்ரக்டரின் உடம்பில் செய்யாமல் இனிஷியலைசர் பட்டியலில் செய்யும் பழக்கம். அங்கே 'பெயர்(பெயர்)' என்று எழுதினால் வெளியே இருப்பது உறுப்பு மாறி, அடைப்புக்குள் இருப்பது பாராமீட்டர் என்று மொழியே சரியாகப் பிரித்துக்கொள்கிறது. அந்தப் பழக்கம் அடிக்கோடுகளைவிடப் பயன் தரும்.

லின்டரும் எச்சரிக்கையும்

ஏற்கெனவே பெரிதாக வளர்ந்துவிட்ட நிரல்தொகுப்பில் முதலில் கைகொடுப்பது லின்டர்தான், ஏனென்றால் அது எதையும் திருத்தி எழுதச் சொல்லாமல், இருக்கும் பிழைகளை மட்டும் காட்டுகிறது. ஜாவாவுக்கான எரர் புரோன் கருவி, தனக்குத் தானே மதிப்பளிக்கும் வரியைக் கம்பைல் நேரத்திலேயே பிழையாக்கி நிறுத்துகிறது. எக்லிப்ஸ் எடிட்டர், அந்த மதிப்பளிப்பால் விளைவு ஏதுமில்லை என்று எச்சரிக்கிறது. செக்ஸ்டைல் என்ற லின்டரில் மறைக்கப்பட்ட மாறியைக் கண்டுபிடிக்கும் ஹிடன்ஃபீல்டு விதி இருக்கிறது. ஆனால் கன்ஸ்ட்ரக்டர் பாராமீட்டருக்கும் மாறிக்கும் ஒரே பெயர் வைப்பது ஜாவாவில் ஊரறிந்த வழக்கம் என்பதால், விதியை அப்படியே இயக்கினால் ஒவ்வொரு கன்ஸ்ட்ரக்டரும் சிவப்பாகிவிடும். கன்ஸ்ட்ரக்டர் பாராமீட்டரை மட்டும் விலக்கும் அமைப்பை இயக்கி, உள்ளூர் மாறிகளுக்கு விதியைத் தக்கவைப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும்; 'இன்ட் வைப்புத்தொகை = 500' வகைப் பிழை அப்போதும் அகப்படும்.

சி பிளஸ் பிளஸ் எழுதுபவர்கள் கவனிக்க வேண்டியது, ஜிசிசி கம்பைலரின் மறைத்தல் எச்சரிக்கை, 'எல்லா எச்சரிக்கையும்' என்று பெயர் சொல்லும் தேர்வில் கூட அடங்காது என்பது. அதைத் தனியே கேட்டு வாங்க வேண்டும்.

பைத்தானில் ரஃப், பைலின்ட் போன்ற கருவிகள் பயன்படுத்தப்படாத உள்ளூர் மாறியைச் சுட்டிக்காட்டும். செல்ஃப் விடுபட்ட பிழை இதில் பெரும்பாலும் அகப்படும்; ஆனால் அந்த உள்ளூர் மாறியை அதே மெத்தடில் அடுத்த வரியிலேயே அச்சிடவோ சரிபார்க்கவோ செய்திருந்தால், அது 'பயன்படுத்தப்பட்ட' மாறியாகி லின்டரின் கண்ணிலிருந்து தப்பிவிடும். கிளாஸின் உடம்பில் லிஸ்ட் வைப்பதைக் கண்டுபிடிக்கவும் ரஃபில் விதி உண்டு. அது உங்கள் அமைப்புக் கோப்பில் இயக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். எண்ணை இயல்பு மதிப்பாக வைப்பதை அந்த விதி கேள்வி கேட்காது. மொத்தத்தில் லின்டர் இயல்பு மதிப்பை அகற்றுவதில்லை. அந்த மதிப்பு ஒளித்துவைக்கும் பிழைகளில் சிலவற்றை லின்டர் வெளியே இழுத்துப் போடுகிறது. தரைமட்டமாக அது இருக்கட்டும், கூரையாக நம்ப வேண்டாம்.

பூட்டி வைத்தல்

ஜாவாவில் இன்ஸ்டன்ஸ் மாறிக்கு ஃபைனல் என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் அதுவரை இருந்த தாராள மனம் முடிவுக்கு வருகிறது. ஃபைனல் மாறிக்கு இயல்பு மதிப்பு செல்லாது. ஒவ்வொரு கன்ஸ்ட்ரக்டரும் முடிவதற்குள் அதற்கு ஒருமுறை மதிப்பளித்தே ஆக வேண்டும். 'பெயர் = பெயர்' என்று எழுதினால் மாறி மதிப்பளிக்கப்படாமல் இருக்கலாம் என்று கம்பைலர் நிறுத்திவிடுகிறது. வகைச்சொல் சேர்ந்துவிட்ட பிழைக்கும் அதே கதிதான். சர்வீஸ் கிளாஸின் எல்லா மாறிகளும் ஃபைனல் என்று குழு முடிவெடுத்தால், கோரிக்கைக்குரிய மதிப்பை அங்கே தூக்கி வைக்க முயல்பவருக்கு நேர்வழி அடைபட்டுவிடுகிறது, ஏனென்றால் கன்ஸ்ட்ரக்டருக்குப் பிறகு மதிப்பளிக்க முடியாது. எதிரெதிரான இரண்டு பிழைகளை ஒரே சொல் தடுப்பது இந்த ஒப்பீட்டில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம். ஃபைனல் லிஸ்டின் உள்ளடக்கத்தை மாற்றுவதை அது தடுக்காது என்ற ஓட்டை இருக்கிறது.

பைத்தானின் ஸ்லாட்ஸ் இதற்கு ஒன்றுவிட்ட உறவு. கிளாஸில் எந்தெந்தப் பெயர்கள் இருக்கலாம் என்று முன்கூட்டியே எழுதிவைத்தால், பட்டியலில் இல்லாத பெயருக்கு மதிப்பளிக்கும்போது அட்ரிபியூட் எரர் வரும். எழுத்துப்பிழையால் புதிய மாறி முளைப்பது நின்றுவிடும். இதைவிட முக்கியமான, ஆனால் அதிகம் பேசப்படாத பயன் ஒன்று உண்டு. ஸ்லாட்ஸ் பட்டியலில் உள்ள பெயரையே கிளாஸின் உடம்பிலும் மதிப்போடு எழுதினால், கிளாஸ் உருவாகும் கணத்திலேயே வேல்யூ எரர் வருகிறது. அதாவது கிளாஸ் மட்ட இயல்பு மதிப்பு என்ற திரையே கிழிக்கப்படுகிறது. குறைகளும் உண்டு: ஸ்லாட்ஸ் எழுதாத துணைக்கிளாஸில் இந்தக் காவல் தளர்ந்துவிடும்; வெறுமையல்லாத ஸ்லாட்ஸ் கொண்ட இரண்டு கிளாஸ்களிலிருந்து ஒரே நேரத்தில் வழிவரவும் முடியாது.

மொழியிடமே விடுதல்

கையால் எழுதாத வரியில் கைப்பிழை வராது. ஜாவா 16-இல், 2021 மார்ச் மாதம், நிலையான அம்சமாக வந்த ரெக்கார்டில், தலைப்பு வரியில் பெயர்களைச் சொன்னால் மாறிகளும் கன்ஸ்ட்ரக்டரும் தாமாக உருவாகின்றன. அந்த மாறிகள் எல்லாம் ஃபைனல். தலைப்பில் இல்லாத இன்ஸ்டன்ஸ் மாறியை ரெக்கார்டுக்குள் சேர்க்கவும் முடியாது. பாராமீட்டர் பட்டியலை விட்டுவிட்டு எழுதும் சுருக்கக் கன்ஸ்ட்ரக்டரில் ஒரு சுவையான திருப்பம் இருக்கிறது: அங்கே பாராமீட்டருக்கு மதிப்பளிப்பதுதான் சரி, கடைசியில் மொழியே அவற்றை மாறிகளுக்கு மாற்றுகிறது, 'திஸ்.பெயர்' என்று எழுதி மதிப்பளித்தால் கம்பைல் ஆகாது. சாதாரண கிளாஸில் பிழையாக இருந்த பழக்கம் இங்கே விதியாகிவிட்டது. கோட்லின் மொழியில் கன்ஸ்ட்ரக்டர் பாராமீட்டருக்கு முன்னால் 'வால்' என்ற சொல் விடுபட்டால் அது மாறியாக ஆகாது. ஆனால் மெத்தடுக்குள் அந்தப் பெயரைத் தொட்டவுடன் கம்பைலர் மறுத்துவிடுவதால் பிழை ஒளிந்துகொள்ள இடமில்லை.

பைத்தான் 3.7 முதல், அதாவது 2018 முதல், உள்ள டேட்டாகிளாஸ் இந்த அளவுக்கு இறுக்கமானதன்று. ஆனாலும் லிஸ்ட், டிக்ஷனரி, செட் ஆகியவற்றை நேரடியாக இயல்பு மதிப்பாக எழுதினால் வேல்யூ எரர் தந்து, ஒவ்வோர் ஆப்ஜெக்டுக்கும் புதிய லிஸ்ட் தரும் டீஃபால்ட் ஃபேக்டரியைப் பயன்படுத்த வைக்கிறது. 3.11-இலிருந்து ஹாஷ் செய்ய (ஓர் அடையாள எண் கணிக்க) இயலாத எந்த மதிப்பையும் அது இவ்வாறே மறுக்கிறது. ஆனால் நீங்களே எழுதிய சாதாரண கிளாஸின் ஆப்ஜெக்டை ஹாஷ் செய்ய முடியும் என்பதால், அதை இயல்பு மதிப்பாக வைத்தால் இன்றும் எல்லோரும் அதையே பகிர்வார்கள்.

டேட்டாகிளாஸில் மிக ஆபத்தான ஓட்டை, வகைக்குறிப்பு விடுபடுவது. 'கடன்கள்: லிஸ்ட் = []' என்றால் மறுக்கும் அதே டேட்டாகிளாஸ், வகைக்குறிப்பு இல்லாத 'கடன்கள் = []' என்ற வரியைத் தன் மாறியாகவே கருதாது. அது பழையபடி கிளாஸ் மாறியாகவே, பகிரப்பட்ட லிஸ்டாகவே, எந்தச் சத்தமும் இல்லாமல் தங்கிவிடும். டேட்டாகிளாஸ் என்ற அலங்காரத்தைப் பார்த்ததும் ரிவ்யூவர் நிம்மதியடைவதால், இது வெறும் கிளாஸில் இருப்பதைவிட ஒருபடி மோசம். கிளாஸ் மட்ட லிஸ்டைக் கண்டுபிடிக்கும் லின்டர் விதியைச் சேர்த்து இயக்காமல் டேட்டாகிளாஸை மட்டும் நம்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எதை எங்கே

தரவைச் சுமப்பதற்கென்றே எழுதும் புதிய கிளாஸ்களுக்கு ஜாவாவில் ரெக்கார்டும், பைத்தானில் 3.10 முதல் கிடைக்கும் ஸ்லாட்ஸ் தேர்வோடு கூடிய டேட்டாகிளாஸும் என் தேர்வு. ரெக்கார்டுக்கு வெளியிலிருந்து லிஸ்ட் வருமானால் கன்ஸ்ட்ரக்டரிலேயே அதற்கு நகல் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் பகிர்வுப் பிழை வேறு வாசலால் உள்ளே வரும்; 'லிஸ்ட்.காப்பிஆஃப்' ஒரே வரியில் அந்த வேலையை முடிக்கிறது. வேலை செய்யும் சர்வீஸ் கிளாஸ்களில் ஒவ்வொரு மாறியும் ஃபைனல் என்பதை விவாதமின்றி ஏற்றுக்கொள்ளலாம். மதிப்பு மாறிக்கொண்டே இருக்க வேண்டிய ஆப்ஜெக்டுகளிலும், மாறாத பாதியைப் பூட்டிவிட்டால் கவனிக்க வேண்டிய பாதி குறைகிறது. பழைய நிரலைப் பொறுத்தவரை லின்டரில் தொடங்கி, ஒரு கிளாஸைத் தொடும்போதெல்லாம் அதைப் பூட்டிச் செல்வதே தாங்கக்கூடிய வேகம்.

இவை எதுவும் எட்டாத ஓர் இடம் ஜேபிஏ என்டிட்டி, அதாவது ஜாவாவில் தரவுத்தளத்தில் சேமிக்கப்படும் தரவைக் குறிக்கும் கிளாஸ். ஜேபிஏ வரையறைப்படி என்டிட்டி கிளாஸும் அதன் சேமிக்கப்படும் மாறிகளும் ஃபைனலாக இருக்கக் கூடாது. பாராமீட்டர் இல்லாத கன்ஸ்ட்ரக்டரும் வேண்டும். ஆகவே ரெக்கார்டு ஒத்துவராது, பூட்டும் ஒத்துவராது, நல்லும் பூஜ்யமும் அங்கே நிரந்தர விருந்தாளிகள். எரர் புரோனோடு, வெவ்வேறு மதிப்புகளுடன் இரண்டு ஆப்ஜெக்டுகளை உருவாக்கி, இரண்டாவதை மாற்றிய பிறகு முதலாவதின் எல்லா மாறிகளையும் சரிபார்க்கும் ஒரு டெஸ்டை அத்தகைய ஒவ்வொரு கிளாஸுக்கும் எழுத வேண்டியிருக்கும்.